மாதா விளக்கும் பச்சைப் புள்ளியும்

தொலைக்கண்காணிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதேனும் எழுதித் தர வேண்டும் என்று கேட்டவர்கள், அது ஊக்கமளிப்பதாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்டார்கள். ஊக்கமளிப்பது என் வழக்கமன்று. என்னிடம் வேலை பழகியவர்களில் எவரை விசாரித்தாலும் இதை உறுதிப்படுத்துவார்கள். ஆகவே ஊக்கத்தை வேறு யாரிடமாவது பெற்றுக்கொள்ளுங்கள். நான் நடந்ததைச் சொல்கிறேன்.

நம் தொழிலை முதலில் நேராகச் சொல்லிவிடலாம். யுபிஎஸ் பெட்டியின் முதுகில் உள்ளங்கையளவு நெட்வொர்க் கார்டு ஒன்றைச் செருகுகிறோம். மின்சாரம் வந்தது, போனது, பேட்டரியில் எவ்வளவு மிச்சம், பெட்டி எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதையெல்லாம் அந்தக் கார்டு அவ்விடத்து மோடத்தின் வழியாகச் சென்னைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சென்னையில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு திரை. நம்முடைய வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் அதில் ஒரு புள்ளி. நலமாயிருந்தால் பச்சை, பேட்டரியில் ஓடினாலோ பழுதானாலோ சிவப்பு, பேச்சே இல்லாவிட்டால் சாம்பல். அத்திரையை வடிவமைத்தவர்கள் மிகுந்த அறிவாளிகள். அவர்களுடைய அனுபவத்தில் இல்லாத ஒன்றே ஒன்று மின்வெட்டு. அவர்கள் கட்டடத்தில் அது கிடையாது.

நான் தென்மாவட்டங்களின் சேவைப் பொறுப்பில் இருந்தேன். கல்லூரியில் மின்னியல் பயின்று, முறையாகப் பதவி உயர்ந்து, ஓய்வு பெறும் தறுவாய் வரை ஒரு விளக்கக் கடிதம்கூட என்னிடம் கேட்கப்பட்டதில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறு எதற்காகச் சொல்வார்கள்?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில் கன்னியர் மடம் ஒன்று ஒரு சிறிய டயாலிசிஸ் நிலையம் நடத்திவந்தது. சிறுநீரகம் கைவிட்டவர்களின் இரத்தத்தைக் குழாய் வழியே வெளியே எடுத்து, சுத்தம் செய்து, மறுபடி உடம்புக்குள் அனுப்பும் இயந்திரங்கள். மின்சாரம் நின்றால் இரத்தம் குழாயில் நிற்கும். கொல்லைப்புறத்தில் ஒரு ஜெனரேட்டர் உண்டு. அது எழுந்து வரும் வரை பாரத்தைச் சுமப்பது நம் யுபிஎஸ். இந்த நிலையத்தின் புள்ளி தென்மண்டலம் முழுவதிலும் தனிச் சிறப்புடையது. அது ஒருநாளும் சிவந்ததில்லை. மற்ற ஊர்களில் மின்சாரம் போகும்போதெல்லாம் புள்ளிகள் மிளகாய்ப்பழமாய்ச் சிவக்க, இது மட்டும் எப்போதாவது சற்று நேரம் சாம்பலாகி, மறுபடி பச்சையாகிவிடும். அந்தச் சாம்பலை 'வாடிக்கையாளரின் இணையக் கோளாறு' என்று திரையே தள்ளுபடி செய்துவிடும்.

தலைமை அலுவலகம் இதற்கு முன்பே ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது: பச்சைப் புள்ளிகளுக்கு நேரில் சென்று பேட்டரியைச் சோதிக்க வேண்டியதில்லை, பயணச் செலவு மிச்சம். நான் ஆட்சேபித்து எழுதினேன். 'தங்கள் கருத்து கவனிக்கப்பட்டது' என்று பதில் வந்தது. நம் நிறுவனத்தில் ஒரு கருத்தை அடக்கம் செய்வதற்கு இதைவிடக் கண்ணியமான முறை இல்லை.

அடுத்து நடந்தது நீங்கள் எதிர்பார்ப்பதுதான். அந்த நிலையத்துக்கு 'மண்டலத்தின் சிறந்த பராமரிப்பு' என்ற சான்றிதழ், கண்ணாடிச் சட்டத்தில். அதைக் கொடுத்துப் புகைப்படம் எடுக்கச் சென்னையிலிருந்து பிரதீப் என்கிற துணை மேலாளர் வந்து இறங்கினார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் டேப்லட்; அதில் சென்னைத் திரையின் சிறுவடிவம். நாளைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணி முதல் மாலை வரை மின்தடை என்று நாளிதழில் வந்திருந்த நாள் அது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நிலையத்தின் தலைவி அமலோற்பவம் சிஸ்டர் வாசலில் நின்றிருந்தார். நம் அருப்புக்கோட்டைப் பொறியாளர் செல்வமும் வந்திருந்தான். பந்தல்குடிக்காரன், கெட்டிக்காரன், வாயடக்கம் இல்லாதவன். காரியாபட்டியில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கொண்டுபோக வேண்டிய புது பேட்டரிகள் அவனுடைய லோடு வண்டியில் இருந்தன. புகைப்படத்தில் நின்றுவிட்டு அப்படியே காரியாபட்டிக்குப் போவதாக ஏற்பாடு.

"சாமி படம் மாதிரி சட்டம் போட்டுக் கொண்டாந்திருக்கீக. இதுக்குப் பதிலா ரெண்டு பெட்ஷீட்டு குடுத்திருந்தா ஆகும்," என்றார் சிஸ்டர். பிரதீப் சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை.

உள்ளே காலை அணி நோயாளிகளுக்குச் சிகிச்சை முடியும் தறுவாய். பிரதீப் சான்றிதழை உயர்த்திப் பிடிக்க, செல்வம் பல்லைக் காட்ட, மின்சாரம் போயிற்று.

யுபிஎஸ் கீச்சிட்டது. இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கொல்லையில் ஜெனரேட்டர் இருமியது, நின்றது, மறுபடி இருமியது. நான் யுபிஎஸ் முகப்பைப் பார்த்தேன். பேட்டரியின் எண் படியிறங்கவில்லை, மாடியிலிருந்து விழுந்தது. ஒரு தாதி ஏற்கெனவே இயந்திரத்தின் கைப்பிடியைச் சுழற்ற ஆயத்தமாக நின்றாள். மின்சாரம் முற்றாக நின்றால் இரத்தத்தைக் கையால் சுற்றித்தான் உடம்புக்குள் திருப்ப வேண்டும். எண் அடிமட்டத்தைத் தொடவிருந்த நிலையில் ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா சார், லோடு டிராப்பே ஆகல," என்றார் பிரதீப்.

"உங்கள் டேப்லட் என்ன சொல்கிறது?"

பார்த்தார். புள்ளி சாம்பல். "கஸ்டமர் சைடு நெட்வொர்க் இஷ்யூ சார்."

"ஏன்யா, பொட்டிக்கு மூச்சு முட்டுறப்ப மட்டும் கரெக்டா வாயப் பொத்திக்கிருதே, அது என்ன இஷ்யூ?" என்றான் செல்வம்.

அவன் கேட்ட முறை தவறு, கேள்வி சரி. சிறிது நேரத்தில் டேப்லட்டில் புள்ளி பச்சைக்குத் திரும்பியது. பேட்டரி ஏறக்குறைய முழுமை என்று காட்டியது. பிரதீப் அதை என்னிடம் வெற்றியோடு நீட்டினார். இந்த வறண்ட சீமையில் பிறந்த எவருக்கும் அதன் பொருள் தெரியும். வண்டல் மேடிட்ட கண்மாய் ஒரு மழைக்கே நிரம்பி, மிஞ்சிய நீர் மறுகால் பாயும். நிரம்பியதைப் பார்த்து அதில் விவசாயம் செய்யலாம் என்று நினைப்பவன் அந்தக் கண்மாயில் இறங்கிப் பார்க்காதவன். செத்த பேட்டரியும் அப்படியே. சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் வடியும். வடியும் நேரத்தில் இந்த நிலையத்தை ஒருவரும் பார்த்ததே இல்லை. கார்டு ஒவ்வொன்றையும் தன் நினைவில் குறித்துத்தான் வைத்திருந்தது. பச்சையாய் இருக்கும் இடத்தை யார் திறந்து படிப்பார்கள்?

மோடத்தைத் தேடினேன். அதன் வயர் சாதாரணச் சுவர் பிளக்கில் செருகியிருந்தது. மின்சாரம் போனால் முதலில் சாவது மோடம்; மோடம் செத்தால் கார்டு ஊமை. மோடத்துக்கென்று நாம் யுபிஎஸ்ஸிலிருந்து இழுத்துக் கொடுத்திருந்த பிளக்கில் வேறொரு வயர் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனேன். கதவின் மேல் ஏறி, ஜன்னலைச் சுற்றி, நோயாளிகள் படுக்கும் கூடத்தின் எதிர்ச்சுவரில் கண்ணாடிப் பேழைக்குள் நின்ற மாதா சொரூபத்தின் காலடியில் போய் முடிந்தது. அங்கே ஒரு சிறு மின்விளக்கு, நீல நிறத்தில்.

"சிஸ்டர், இதை யார் மாற்றியது?"

"நாந்தான். ஏன்?"

"அது எங்கள் கண்காணிப்புக்கான இணைப்பு."

"கரண்டு போறப்பல்லாம் உங்க கம்ப்யூட்டரு வெளிச்சத்துல இருக்கணும், மாதா இருட்டுல நிக்கணுமோ?"

தர்க்கத்துக்கு நான் ஆயத்தமானேன். அவர் விடவில்லை.

"சார், நீங்க ஒருநா இதுல படுத்துப் பாத்திருந்தா தெரியும். உடம்பு ரத்தம் பூரா வெளிய ஓடிக்கிட்டிருக்கு, பட்டுனு லைட்டு ஃபேனு எல்லாம் நிக்குது. அம்புட்டுத்தான்னு நெனச்சு ஒரு அம்மா ஊசியோட எந்திரிச்சு ஓடப் பாத்துச்சு. அதுக்குப் பெறகு நீங்க கார்டு மாட்டி பிளக் இழுத்துக் குடுத்தீக, அன்னைக்கே மாத்திட்டேன். இப்ப கரண்டு போச்சுன்னா எல்லாரும் அந்த வெளக்கப் பாப்பாக. எரியுதா, சரி, ரத்தம் ஓடுதுன்னு அசையாம படுத்துக்குவாக. இந்து, கிறிஸ்தவுக எல்லாரும்தான்."

ஒரு நோயாளி படுத்தபடியே தலையை ஆட்டினார். நெற்றியில் திருநீறு.

பிரதீப் மெல்லிய குரலில், "இத ரிப்போர்ட்ல எப்படி சார் எழுதறது?" என்று கேட்டார். தேவ அன்னையின் தலையீடு என்பதற்கு நம் மென்பொருளில் கட்டம் இல்லை என்பது உண்மையே.

இதுவரை நடந்தது வேடிக்கை. காலை அணியினர் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருக்கையில் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பந்தல்குடி கருப்பையா இறங்கினார். லாரி ஓட்டி ஓய்ந்த ஆள். செல்வத்துக்கு ஊர் முறையில் மாமா. கால்கள் வீங்கி, செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு, பேச்சுக்குப் பேச்சு மூச்சு வாங்க நடந்து வந்தார்.

"போன தடவ ஏன்யா வரல?" என்று சிஸ்டர் பாய்ந்தார்.

"தங்கச்சி மக கல்யாணம் சிஸ்டரம்மா. தாய்மாமன் போகாம இருக்க முடியுமா?"

"போனீக, சரி. என்ன குடிச்சீக?"

"குடிக்கிறதெல்லாம் விட்டு வருசமாச்சு. ரெண்டு சோடா. பெறகு, ரசம் கொஞ்சம். மோரு..."

"ஏன் மாமா, ஆட்டையும் சேத்து முழுங்கிட்டுத்தான் வந்தீகளா?" என்றான் செல்வம்.

"ஏலே, நீ பொட்டி தூக்குற வேலயப் பாருலே."

சிஸ்டர் அவர் முதுகில் கருவியை வைத்துக் கேட்டார். முகம் மாறியது. மதுரையிலிருந்த மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினார். பிறகு அவரை உட்கார வைத்து ஆக்ஸிஜன் மாட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"நெஞ்சு வரைக்கும் தண்ணி ஏறியிருக்கு. மருதைக்கு அனுப்புனா காரியாபட்டி தாண்டுவாரான்னு எனக்குச் சந்தேகம். இங்க மெஷின்ல ஏத்துனா பொழச்சுக்குவாரு. ஜெனரேட்டர் கெதி நீங்களே பாத்தீக. அது நின்னுச்சுன்னா ஒங்க பொட்டி தாங்குமா? ஏத்தவா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

இளைஞர்களே, இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். 'ஏற்றுங்கள்' என்று சொன்னால் நிறுவனத்தின் சான்றிதழ் பிழைக்கும். 'வேண்டாம், மதுரைக்கு அனுப்புங்கள்' என்று சொன்னால் நான் பிழைப்பேன். சாலையில் நடப்பதற்கு எந்தச் சேவைப் பொறியாளரும் பொறுப்பல்ல. இரண்டாவது விடை மிகவும் மரியாதையானது. பொறுப்புணர்வு போலவே தோற்றமளிக்கும். அதைச் சொல்லி எத்தனையோ பேர் நல்ல பெயரோடு ஓய்வு பெற்றிருக்கிறார்கள். என் பெயரின் மீது எனக்கு அக்கறை குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. ஆகவே அந்த விடை என் நாவின் நுனிவரை வந்தது என்பதையும் மறைக்கவில்லை.

"செல்வம், ஜவுளிக்கடை பேட்டரி என்ன அளவு?" என்று கேட்டேன்.

அவன் வண்டியை நோக்கி ஓடினான். அதே அளவு, அதே வகை.

"சிஸ்டர், இப்போது இந்தப் பெட்டியை நம்பி யாரையும் ஏற்றாதீர்கள். ஒரு மணி நேரம் கொடுங்கள். அதற்குப் பிறகு ஏற்றுங்கள். அவர் அதுவரை தாங்குவாரா?"

"ஆக்ஸிஜன் இருக்கு. ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரந்தான்."

பிரதீப் குறுக்கே வந்தார். "சார், அது வேற கஸ்டமரோட மெட்டீரியல். அப்ரூவல் மெயில் இல்லாம தொடக்கூடாது."

"மெயிலுக்கு எத்தனை நேரமாகும்?"

"நாளைக்குள்ள வாங்கிடலாம் சார்."

"நல்லது. வாங்கிக் கருப்பையாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடலாம். உங்களிடம் சட்டம்கூட இருக்கிறது."

இது ஒரு மேலதிகாரி பேசக்கூடிய பேச்சன்று. ஆனால் பேசியாயிற்று. ஜவுளிக்கடை முதலாளியை நானே தொலைபேசியில் அழைத்து, ஓர் அவசரத்துக்காக அவர் பேட்டரிகளை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டதாகத் தெரிவித்தேன். கேட்கவில்லை, தெரிவித்தேன்.

"என்ன சார் வெளையாடுறீகளா? விடிஞ்சா கடை தெறப்பு. முழுப்பணமும் கட்டியிருக்கேன்ல? ஒங்க மேல கம்ப்ளெய்ண்ட் குடுப்பேன்!"

"கொடுங்கள். பெயரைத் தவறில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்," என்று என் பெயரையும் தலைமை அலுவலக முகவரியையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். முதலாளியின் குரல் சற்றுத் தணிந்தது.

"யாருக்கு சார், அவசரம்னீக?"

"பந்தல்குடி கருப்பையா. டயாலிசிஸ்."

"லாரி கருப்பையாவா? என் சரக்க மழையில நனச்சுக் கொண்டாந்து போட்ட பாவி," என்றார் முதலாளி. "சரி, மாட்டித் தொலைங்க. கம்ப்ளெய்ண்ட் குடுக்கத்தான் செய்வேன்."

கடைசி நோயாளி இறங்கியதும் யுபிஎஸ்ஸை நிறுத்தினோம். பழைய பேட்டரிகளைச் செல்வம் கழற்றக் கழற்ற அவற்றின் வயிறு உப்பியிருந்தது தெரிந்தது. கருப்பையாவின் கால்களுக்கும் அவற்றுக்கும் பெரிய வேறுபாடில்லை. நானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினேன். ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து கருப்பையா வேலையை மேற்பார்வையிட்டார்.

"ஏலே, நட்ட நல்லா முறுக்குலே. ஒங்கப்பன் வண்டிக்கு டயர் மாட்டுன மாதிரி விட்டுறாத."

"பேசாம இரு மாமா. பேசுனா மூச்சு செலவாகுது."

மாதா விளக்கை எடுக்கவில்லை. அதன் பக்கத்தில் யுபிஎஸ்ஸிலிருந்து இன்னொரு பிளக் இழுத்து மோடத்தை அதில் செருகினோம். இதைச் செய்ய ஆன நேரம் ஒரு தேநீர் குடிக்கும் நேரம். புதிய பேட்டரியை ஒரு முறை பாரத்தோடு ஓட்டி, எண் இறங்கும் வேகத்தை என் கண்ணால் பார்த்த பிறகுதான் சிஸ்டரிடம், "ஏற்றுங்கள்," என்றேன். ஒரே வார்த்தை.

ஜெனரேட்டருக்கு டீசல் பார்க்க நம்பகமான ஆள் தேவைப்பட்டது. பிரதீப்பை அனுப்பினேன். "நானா சார்?" என்றார். "நீங்கள்தான் கண்காணிப்புத் துறை," என்றேன். டேப்லட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டை அழுக்காகாமல் டீசல் கேனைப் பிடிப்பது எப்படி என்ற ஆராய்ச்சியோடு கொல்லைக்குப் போனார்.

கருப்பையாவின் இரத்தம் குழாயில் ஓடத் தொடங்கியது. கூடத்தில் தொலைக்காட்சியில் பழைய படம் ஒன்று. வில்லனைக் கதாநாயகன் துரத்திக்கொண்டிருந்தான். அவருக்கு மூச்சு சற்றே இளகி, கண் அதில் நிலைத்தது. சிஸ்டர் ஒரு நாற்காலியில் அமர்ந்தார். காலையிலிருந்து அவர் அமர்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

சிகிச்சை பாதியைத் தாண்டியிருக்கும். கொல்லையில் ஒரு வெடிப்போசை. ஜெனரேட்டர் நின்றது. மின்விசிறிகள் சுழன்று ஓய்ந்தன, தொலைக்காட்சி இருண்டது. பிரதீப் பின்வாசலில் தோன்றி, "சார், பெல்ட் அறுந்துடுச்சு!" என்று கத்தினார். செல்வம் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் பெல்ட் வாங்க ஓடினான். தாதி கைப்பிடியருகே நின்றாள். சிஸ்டரின் உதடுகள் அசைந்தன. நான் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது இறங்கியது, படிப்படியாக, வயதானவர் மாடியிறங்குவதுபோல. இந்த வேகத்தில் இறங்கினால் செல்வம் அருப்புக்கோட்டை போய்ப் பெல்ட் வாங்கி வந்து மாட்டி முடிக்கவும் நேரம் மிஞ்சும். அதை நான் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் தாதியைப் பார்த்துத் தலையசைத்தார். தாதி கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

என் கையிலிருந்த டேப்லட் அப்போது அலறியது. அந்த நிலையம் தன் வாழ்நாளில் முதல் முறையாகச் சிவந்தது. மின்சாரம் இல்லை, பேட்டரியில் ஓடுகிறது, மிச்சம் இவ்வளவு என்று கார்டு அடுத்தடுத்துச் சொல்லத் தொடங்கியது. உடனே சென்னையிலிருந்து அழைப்பு.

"சார், அங்க என்ன ஆச்சு? நம்ம பெஸ்ட் சைட் ரெட் காட்டுது! ஏதாவது தப்பா தொட்டுட்டீங்களா?"

"தொட்டோம்," என்றேன். "இப்போதுதான் சரியாகக் காட்டுகிறது. அது பச்சையாகும் வரை பார்த்துக்கொண்டிருங்கள். அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்."

பெல்ட் வந்தது, மாட்டினார்கள், ஜெனரேட்டர் ஓடியது. என் பணிக்காலத்தின் முதல் விளக்கக் கடிதம் அடுத்த வாரம் வந்தது. பச்சைப் புள்ளிகளையும் நேரில் போய்ப் பாரத்தோடு சோதிக்க வேண்டும், மோடத்தின் வயர் எங்கே போய் முடிகிறது என்பதைக் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று அதற்கு நான் எழுதிய பதிலின் ஒரு பகுதிதான் இன்று உங்கள் கையேட்டில் விதியாக இருக்கிறது. என் பெயரை நீக்கிவிட்டுச் சேர்த்திருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஆனால் அன்று மாலைதான் எனக்கு முக்கியம். சிகிச்சை முடிந்து ஊசியைக் கழற்றினார்கள். கருப்பையாவுக்கு மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. முகமூடி இல்லை. இரு கைகளையும் கட்டிலில் ஊன்றி உட்கார்ந்தவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்: கை முழுக்கக் கறுப்போடு செல்வம், டீசல் நாறும் பிரதீப், சட்டைக் கை மடித்த நான். ஏதோ சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. பிரதீப் அடக்கமாகப் புன்னகைக்க ஆயத்தமானார்.

"ஏன்யா," என்றார் கருப்பையா, "ஒங்களுக்கெல்லாம் அறிவு இருக்கா? சண்டை நடக்குறப்ப எவன்யா அந்த டிவிய நிப்பாட்டுனது?"